கரிநாளும் பரிகாரமும்: அயர்லாந்தின் டூகஸ் இணையக் காப்பகம் பற்றி ஒரு மதிப்புரை

சனிக்கிழமை இறந்தவரைத் திங்கட்கிழமை அடக்கம் செய்தாக வேண்டும். ஆனால் திங்கட்கிழமை புதைகுழி திறக்கக் கூடாது. அயர்லாந்தின் நாட்டுப்புறத்தில் நெடுங்காலம் பேணப்பட்ட இந்த விலக்கை, டப்ளினில் ஒரு நினைவுப்பொருள் கடையில் வாங்கிய வண்ண அட்டையில்தான் முதன்முதலில் படித்தேன். நல்ல நாள், கெட்ட நாள் என்று அந்த அட்டையில் ஒரு டஜன் வரிகள் இருந்தன. கெட்ட நாள் பற்றிய வரிகள் எல்லாம் ‘கூடாது’ என்றே முடிந்தன. சரி, கூடாது என்றால் சனிக்கிழமை இறந்தவரை என்ன செய்தார்கள் என்ற கேள்விக்கு அட்டையில் விடை இல்லை. விடை கிடைத்த இடம் டூகஸ் டாட் ஐ.இ. என்ற இணையக் காப்பகம். வீட்டார் சார்பில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமையே இடுகாட்டுக்குப் போய், குழி வரவேண்டிய இடத்தில் ஒரே ஒரு புல்கட்டியை மண்ணோடு புரட்டிப் போட்டுவிட்டு வந்துவிடுவார். குழி ஞாயிறன்றே திறக்கப்பட்டுவிட்டதாகக் கணக்கு. மீதி வேலையைத் திங்கட்கிழமை தடையின்றிச் செய்யலாம்.

அந்த ஒரு புல்கட்டிதான் என்னை இந்தத் தளத்தில் இரண்டு குளிர்காலங்கள் தங்க வைத்தது. விலக்கை மட்டும் சொல்லும் பட்டியல்கள் இணையத்தில் ஆயிரம் கிடைக்கின்றன. விலக்கோடு சேர்த்து அதற்கான பரிகாரத்தையும், அதைச் சொன்னவரின் ஊரையும், வயதையும், அது எந்த வேலையை ஒட்டிப் பிறந்தது என்பதையும் ஒரே பக்கத்தில் தருகிற இடம் நான் அறிந்தவரை இது ஒன்றுதான். ஆகவே இந்த மதிப்புரை ஒரு சேவையைப் பற்றியது என்றாலும், பெரும்பகுதி அந்தச் சேவை எனக்குக் காட்டிய நாட்களைப் பற்றியதாகவே இருக்கும். அவற்றைச் சொல்லாமல் இதன் தரத்தைச் சொல்ல வழியில்லை.

‘டூகஸ்’ என்ற ஐரிஷ் சொல்லுக்குப் பிறப்போடு வந்த இயல்பு, முன்னோர் வழி உரிமை, சொந்த மண் என்ற பொருள்களெல்லாம் உண்டு. அயர்லாந்தின் தேசிய நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பு டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பாதுகாக்கப்படுகிறது. அதை மின்னாக்கம் செய்து பொதுமக்களுக்குத் திறந்துவிடும் பணி 2012இல் தொடங்கியது. டப்ளின் நகரப் பல்கலைக்கழகமும் அரசுத் துறையும் இதில் பங்காளிகள். இந்தத் தளத்தில் பல தொகுப்புகள் இருந்தாலும், நாட்களைப் பற்றி அறிய விரும்புகிறவர் முதலில் போக வேண்டிய இடம் பள்ளித் தொகுப்பு. 1935இல் நிறுவப்பட்ட ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம், ஜேம்ஸ் டெலார்ஜியின் தலைமையில், 1937 முதல் 1939 வரை நடத்திய ஒரு முயற்சியின் விளைவு அது. ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளைச் சேர்ந்த 50,000க்கும் மேற்பட்ட மாணவர்கள், பெரும்பாலும் 11 முதல் 14 வயதினர், கட்டுரைப் பாடத்துக்குப் பதிலாகத் தங்கள் தாத்தா, பாட்டி, அண்டை வீட்டு முதியவர் ஆகியோரிடம் கேட்டு எழுதி வந்தார்கள். என்ன கேட்க வேண்டும் என்பதற்கு ஆணையத்தின் காப்பாளர் ஷான் ஓ சூலவான் 55 பொருள்களைக் கொண்ட ஒரு கையேடு தயாரித்துக் கொடுத்திருந்தார். சில நாட்களுக்குரிய நம்பிக்கைகள் என்பதும் அந்த 55இல் ஒன்று. மாணவர் எழுதியவற்றில் நல்லவை ஒவ்வொரு பள்ளியின் பெரிய பதிவேட்டிலும் படியெடுக்கப்பட்டு, பின்னர் 1,128 தொகுதிகளாகக் கட்டப்பட்டன. குறிப்பேடுகளையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 7,40,000 பக்கங்கள். 2017இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இந்த ஆணையத்தின் தொகுப்பு இடம்பெற்றது.

எண்களைவிட எனக்கு வியப்பளித்தது ஓர் எளிய கணக்கு. 1937இல் ஒரு சிறுமிக்குச் செய்தி சொன்ன மூதாட்டிக்கு வயது 90 என்றால், அவர் பிறந்தது 1847இல், உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் கொடுமையான ஆண்டில். அவர் தம் பாட்டியிடம் கேட்டதைத்தான் சொல்கிறார் என்றால், நாம் படிக்கும் வரி பதினெட்டாம் நூற்றாண்டின் வாய்மொழியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

பயன்படுத்தும் முறையில் சிக்கல் ஏதும் இல்லை. கட்டணம் கிடையாது. தளம் ஐரிஷ், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலும் இயங்குகிறது. மாவட்டத்தைத் தேர்ந்து, அதற்குள் பள்ளியைத் தேர்ந்து, பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். அல்லது ஒரு சொல்லைக் கொடுத்துத் தேடலாம். ஒவ்வொரு பதிவிலும் மூலப் பக்கத்தின் படமும், தட்டச்சு செய்யப்பட்ட வடிவமும், எழுதிய மாணவர், சொன்னவர், ஆசிரியர், ஊர் ஆகிய விவரங்களும் இருக்கின்றன. தட்டச்சு வடிவத்தை மட்டும் படித்துவிட்டுப் போகாமல், மூலப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். மை தொட்டு எழுதும் பேனாவின் கீழிறக்கம் தடித்தும் மேலேற்றம் மெலிந்தும் இருப்பதும், வரியின் கோடியில் இடம் போதாமல் எழுத்துகள் நெருங்கிப் படுத்துக் கிடப்பதும், ஆசிரியர் திருத்திய பிழையும், ஐரிஷ் மொழிப் பக்கங்களில் மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைக்கும் பழைய எழுத்துமுறையும் அந்தப் படத்தில்தான் தெரியும்.

நாட்களுக்கு வருகிறேன். வார நாட்களைப் பற்றிய செய்திகள் எல்லா மாவட்டங்களிலும் மலிந்து கிடக்கின்றன. திங்கட்கிழமை கையிலிருந்து பணம் போகக் கூடாது. சனிக்கிழமை புது வீட்டுக்குக் குடிபோனால் அந்த வீட்டில் நெடுநாள் இருப்பு இல்லை. திருமணத்துக்கு நாள் பார்க்கும் ஒரு பாட்டு ஏராளமான பக்கங்களில் சிறுசிறு மாற்றங்களோடு வருகிறது: திங்கள் உடல்நலத்துக்கு, செவ்வாய் செல்வத்துக்கு, புதன் எல்லாவற்றிலும் சிறந்தது, வியாழனும் வெள்ளியும் இழப்புக்கும் துன்பத்துக்கும், சனி ஒரு நாளே அல்ல. திங்களைப் பற்றிய தயக்கத்துக்கு மொழியிலேயே ஒரு நிழல் இருக்கிறது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐரிஷ் மொழியில் ‘லா அன் லூவன்’, அதாவது திங்களின் நாள், என்றால் இறுதித் தீர்ப்பு நாள் என்று பொருள். உலகம் முடிகிற நாளின் பெயரைத் தாங்கிய ஒரு கிழமையில் மண்ணைத் திறக்க ஒருவர் தயங்கினால் அதில் வியப்பில்லை.

ஆண்டில் ஒரு நாள் உண்டு. தமிழில் அதைக் கரிநாள் என்ற சொல்லால் குறிப்பதே பொருந்தும். டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் திருநாள், ஏரோது மன்னன் பெத்லகேமின் ஆண் குழந்தைகளைக் கொல்வித்ததை நினைவுகூரும் நாள். ஐரிஷ் மொழியில் இதை ‘லா க்ரோஸ்டா ந ப்லியனா’ என்பார்கள், ஆண்டின் குறுக்கான நாள், ஏறுமாறான நாள் என்பது போன்ற பொருளில். அன்று எந்தப் புது வேலையும் தொடங்குவதில்லை. அதோடு நிற்கவில்லை. அந்த நாள் எந்தக் கிழமையில் விழுந்ததோ, அந்தக் கிழமை தொடர்ந்து வரும் ஓராண்டு முழுவதும் ஆகாத கிழமை ஆகிவிடும். டிசம்பர் 28 செவ்வாயில் வந்தால் அடுத்த டிசம்பர் வரை எந்தச் செவ்வாயிலும் உழவு தொடங்கக் கூடாது, வீடு கட்டக் கால்கோள் இடக் கூடாது, மணம் முடிக்கக் கூடாது. எனவே ஆகாத கிழமை ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்துகொண்டே இருந்தது. மேலே சொன்ன திருமணப் பாட்டு எல்லா ஆண்டுக்கும் பொது; இந்தக் கரிநாளோ ஆண்டுக்கு ஒரு முறை புதிதாகக் கணிக்க வேண்டியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்கு மிஞ்சும் நாட்கள் எவ்வளவு குறைவு என்பது புரியும். அச்சடித்த அட்டையில் இந்த நகரும் கிழமைக்கு இடமே இல்லை. அது நிலையான பட்டியலையே விரும்புகிறது. மாணவர்களின் பக்கங்களில்தான் இது ஓர் உயிருள்ள கணக்காக நிற்கிறது.

என்னை மிகவும் உலுக்கியவை பெந்தக்கோஸ்து திருநாளைப் பற்றிய பக்கங்கள். ஐரிஷில் ‘கிங்கீஷ்’ எனப்படும் இந்தத் திருநாள், உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) கழிந்து ஏழு வாரத்தில், வசந்தம் முற்றிய இனிய பருவத்தில் வருகிறது. திருச்சபைக்கு அது தூய ஆவி இறங்கிய மகிழ்ச்சியின் நாள். ஆனால் நாட்டுப்புறத்தில் இதைவிடக் கொடிய நாள் வேறில்லை. அன்று பிறந்த குழந்தை ஒருவரைக் கொல்லும், அல்லது ஒருவரால் கொல்லப்படும். அன்று பிறந்த குதிரைக்குட்டி ஒருவரை உதைத்துக் கொல்லும். நீரில் மூழ்கி மாண்டவர்கள் அந்த நாட்களில் கரையோரம் வந்து துணைக்கு ஆள் இழுப்பார்கள் என்பதால் குளிப்பதில்லை, படகு ஏறுவதில்லை, மீன்பிடிக்கப் போவதில்லை. பட்டியல் இவ்வளவோடு நின்றிருந்தால் அன்று பிறந்த குழந்தையின் தாயை நினைத்து மனம் கலங்குவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. ஆனால் பக்கத்தின் அடுத்த வரி பரிகாரத்தைச் சொல்கிறது. குழந்தையின் பிஞ்சுக் கைக்குள் ஒரு ஈயையோ புழுவையோ வைத்து, பெரியவர் தம் கையால் அந்தக் கையை மூடி நசுக்குவார். குழந்தை கொல்ல வேண்டியதைக் கொன்றுவிட்டது; விதி நிறைவேறிவிட்டது; இனி அதற்கு வேலை இல்லை. வேறு சில இடங்களில் குழந்தையைத் தரையில் கிடத்தி, மேலே ஒரு நொடி புல்கட்டியை வைத்து எடுப்பார்கள். சாக வேண்டியது செத்துப் புதைக்கப்பட்டும் ஆயிற்று. திங்கட்கிழமைக் குழிக்காக ஞாயிறன்று புரட்டப்பட்ட அதே புல்கட்டி இங்கே ஒரு குழந்தையின் உயிரைக் காக்க வந்து நிற்கிறது. விதியை எதிர்த்து நிற்காமல், அது கேட்டதை மிகச் சிறிய அளவில் கொடுத்து அனுப்பிவிடும் இந்த நுட்பத்தை எந்த முன்னுரையும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பதின்மூன்று வயது மாணவர்களின் நேரான வாக்கியங்கள்தான் சொல்லித் தந்தன.

மே முதல் நாளைப் பற்றி எழுதாமல் இந்த மதிப்புரை நிறைவு பெறாது. தேடலில் மிகுதியாக வந்து விழுவதும் அதுதான். ‘ப்யால்தினே’ என்ற அந்த நாளில் வீட்டிலிருந்து பால் வெளியே போகக் கூடாது. வெண்ணெய், உப்பு, தண்ணீர், நெருப்பு எதுவும் போகக் கூடாது. வீட்டைப் பெருக்கிய குப்பையையும் அடுப்புச் சாம்பலையும்கூட வெளியே கொட்டுவதில்லை. விடியற்காலையில் ஊரில் முதலில் புகைவது தம் வீட்டுப் புகைபோக்கியாக இருக்கக் கூடாது என்று பெண்கள் அடுப்பு மூட்டாமல் காத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி அன்று ஒரு கங்கு நெருப்புக் கேட்டு வந்தால், அவள் வந்தது நெருப்புக்காக அல்ல, ஆண்டு முழுவதற்குமான வெண்ணெய்ப் பேற்றை எடுத்துக்கொண்டு போவதற்காக. இத்தகைய தீவினைச் செயலையும் அதைப் பற்றிய நம்பிக்கையையும் ‘பிஷோக்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறார்கள். ஆங்கிலப் பக்கங்களிலும் இந்த ஐரிஷ் சொல் அப்படியே வருகிறது.

இதில் ஒரு கதை பல மாவட்டங்களில் வருகிறது. மே முதல் நாள் விடியலில் ஒரு பெண் பனி படர்ந்த புல்வெளியில் துணியை இழுத்துக்கொண்டே ‘எல்லாம் எனக்கே வா’ என்று சொல்லிப் போகிறாள். வழியில் போன ஒருவன் விளையாட்டாக ‘அதில் பாதி எனக்கு’ என்கிறான். அவ்வளவுதான், அன்று அவன் வீட்டுப் பால் பாத்திரங்கள் பொங்கி வழிகின்றன. அவன் எதையும் திருடவில்லை, ஆனாலும் அண்டை வீட்டாரின் பால் அவனிடம் வந்துவிட்டது. ஒரு ஊரில் உள்ள நலம் அளவு மாறாதது, ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறையும் என்ற அச்சத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

அந்த அச்சம் வெறும் கற்பனையில் பிறந்ததல்ல. சிறு குடியானவரின் வீட்டில் பணமாக மாறக்கூடிய பொருள்களில் முதன்மையானது வெண்ணெய். தெற்கில் கார்க் நகரத்து வெண்ணெய்ச் சந்தை பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் கடல் கடந்து பெயர் பெற்றிருந்தது. நிலக்கிழாருக்கு அரையாண்டுக் குத்தகை கட்ட வேண்டிய வழக்கமான தவணை நாட்கள் மே முதல் நாளும் நவம்பர் முதல் நாளும். மாடுகள் கோடை மேய்ச்சலுக்கு மலையேறும் பருவமும் அதுவே. பால் பெருகத் தொடங்குகிறது. குத்தகை கட்ட நாள் வந்துவிட்டது. இன்று தாழியில் வெண்ணெய் திரளாவிட்டால் வீடு போய்விடும். அந்த நாளில் ஒருத்தி ஒரு கங்கு நெருப்பைக்கூடக் கொடுக்க மறுத்தாள் என்றால், அதில் மூடத்தனத்தைக் காண்பதற்கு முன் அவளுடைய கணக்கைப் பார்க்க வேண்டும். இங்கும் பரிகாரங்கள் உண்டு. வாசற்படியிலும் சன்னல் விளிம்பிலும் மஞ்சள் பூக்களைப் பறித்துப் பரப்புவார்கள். வெண்ணெய் கடையும் நேரத்தில் யார் உள்ளே வந்தாலும், வேலைக்கு இறைவன் அருள் வேண்டி, தாழியின் மத்தைப் பிடித்துச் சில முறை கடைந்துவிட்டுத்தான் போக வேண்டும். சந்தேகத்துக்கு உரியவரையே வேலையில் கூட்டாளி ஆக்கிவிடும் இந்த ஏற்பாடு, ஊர் உறவு முறியாமல் பகையைத் தடுக்கும் வழி என்று நான் படிக்கிறேன்.

நவம்பர் 11, தூய மார்ட்டின் திருநாள். அன்று சக்கரம் சுழலக் கூடாது: நூற்கும் இராட்டை, மாவாலை, வண்டி எதுவும் ஓடுவதில்லை. அந்தப் புனிதர் ஆலைச் சக்கரத்தில் சிக்கி இறந்தார் என்பது அவர்கள் சொல்லும் காரணம். வரலாற்றில் தூர் நகர ஆயரான மார்ட்டின் 397இல் முதுமையில் இயல்பாகவே இறந்தவர். ஆலைக்கும் அவருக்கும் தொடர்பில்லை. ஆனால் நாட்டார் நினைவுக்கு வேறு மார்ட்டின் தேவைப்பட்டிருக்கிறார். அவருக்காக இரத்தம் சிந்த வேண்டும். சேவலோ வாத்தோ, வசதியுள்ள வீட்டில் ஆடோ, திருநாளுக்கு முந்தைய மாலையில் அறுக்கப்படும். இரத்தம் வாசற்படியிலும் வீட்டின் நான்கு மூலைகளிலும் தெளிக்கப்படும். வீட்டாரின் நெற்றியில் அதனால் சிலுவை இடப்படும். கொஞ்சம் பஞ்சை இரத்தத்தில் தோய்த்து எடுத்து உத்தரத்தில் செருகி வைத்து, பிறகு வலி, குத்தல் வந்தால் அந்த இடத்தில் கட்டுவதும் உண்டு. இதில் கால வரம்பு மிகக் கண்டிப்பானது. திருநாளுக்கு முந்தைய ஒன்பது நாட்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் பலியிடலாம். திருநாள் கழிந்த பிறகு இட்டால் அவர் ஏற்பதில்லை. மே மாதத்தில் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்த அதே வீடு, குளிர்காலத்தின் வாசலில் கேட்கும் முன்பே கொடுத்துவிடுகிறது. இந்த இரண்டு திருநாட்களின் பக்கங்களையும் அடுத்தடுத்துப் படிக்குமாறு பரிந்துரைக்கிறேன்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் திருமணம் இல்லை என்ற திருச்சபை விதியால், அது தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய செவ்வாய் ஊரெங்கும் திருமண நாளாயிற்று. அன்றும் மணமாகாமல் மிஞ்சியவர்களின் முதுகில் தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று சிறுவர்கள் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார்கள். அவர்களுக்கும் ஒரு கடைசி வாய்ப்பை ஊர் வைத்திருந்தது. கெர்ரி கடற்கரைக்கு அப்பாலுள்ள ஸ்கெல்லிக் பாறைத் தீவில் பழைய நாட்காட்டியே வழங்குகிறது, ஆகவே அங்கே தவக்காலம் பிந்தித் தொடங்கும், படகேறிப் போனால் இன்னும் மணம் முடிக்கலாம் என்பது பேச்சு. கார்க், கெர்ரி பகுதிகளில் யார் யாரோடு அந்தப் படகில் ஏறுகிறார்கள் என்று கேலிப் பாட்டுகள் கட்டப்பட்டன. அயர்லாந்தில் புதிய நாட்காட்டி 1752இல் நடைமுறைக்கு வந்து 11 நாட்கள் நீக்கப்பட்டதன் தடம் இந்தப் பேச்சில் இருக்கிறது. கேலி, மணமாகாதவர்களின் மனத்தைப் புண்படுத்தியிருக்கும் என்பதையும் மறக்க முடியவில்லை.

மற்றவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதம் தன்னை ஒன்றும் செய்யவில்லை என்று செருக்கிய வரிப்பசுவைக் கொல்ல, மார்ச், ஏப்ரலிடம் மூன்று நாள் கடன் வாங்கியது. அந்தக் குளிர்ந்த நாட்களுக்கு வரிப்பசுவின் நாட்கள் என்றே பெயர். அக்டோபர் இறுதியில் வரும் ‘சௌவின்’ இரவுக்குப் பிறகு கருநாவற்பழம் போன்ற முட்செடிப் பழங்களைப் பறித்து உண்ணக் கூடாது, ஏனென்றால் ‘பூகா’ என்ற பேய் அவற்றின் மேல் துப்பியிருக்கும். பெரிய வெள்ளியன்று ஆணி அடிப்பதில்லை, இரத்தம் சிந்துவதில்லை. ஆனால் அன்று இட்ட முட்டையில் சிலுவை வரைந்து வைத்து உயிர்ப்பு ஞாயிறன்று உண்பார்கள். சந்தைக்குப் புறப்பட்டவன் எதிரில் செம்முடிப் பெண் வந்தால் திரும்பிவிடுவான் என்ற செய்தியும் அடிக்கடி வருகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம், வீட்டை விட்டு வெளியே வரவே அஞ்சியிருக்கக்கூடிய அந்தப் பெண்ணுக்குப் பரிகாரம் சொல்ல ஒருவரும் இல்லையே என்று வருந்தினேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. இந்தத் தொகுப்பு அன்றைய ஐரிஷ் சுதந்திர அரசின் 26 மாவட்டங்களில் எடுக்கப்பட்டது. வட அயர்லாந்தின் ஆறு மாவட்டங்கள் இதில் இல்லை. அந்த ஆறும் அடங்கிய அல்ஸ்டர் மாநிலத்தின் பெரும்பகுதியைப் பற்றி இதை வைத்துப் பேச முடியாது என்பதை ஆய்வு நோக்கில் வருகிறவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். சொன்னவர் முதியவர், எழுதியவர் சிறுவர், தேர்ந்தவர் ஆசிரியர் என்று மூன்று சல்லடைகளைக் கடந்தே ஒவ்வொரு வரியும் வந்திருக்கிறது. குழந்தையிடம் சொல்லக் கூடாது என்று பெரியவர் கருதியவையும், பள்ளிப் பதிவேட்டுக்குத் தகாது என்று ஆசிரியர் கருதியவையும் நின்றுபோயிருக்கும். கைம்பெண், கருவுற்ற பெண் ஆகியோருக்குரிய விலக்குகளை இங்கே தேடுகிறவர், வளர்ந்தோரிடமிருந்து முழுநேரச் சேகரிப்பாளர்கள் எழுதிய முதன்மைக் கையெழுத்துத் தொகுப்புக்குள்ளும் போக வேண்டும். மேலும், ஓரிடத்தில் ஆகாத நாள் இன்னோரிடத்தில் ஏற்ற நாளாக இருக்கும். முதலில் எனக்கு இது எரிச்சலூட்டியது. எது சரி என்று யாராவது தீர்த்துச் சொல்லியிருக்கலாம் என்று எண்ணினேன். இப்போது அப்படித் தீர்க்காமல் விட்டதையே இந்தத் தளத்தின் பெரிய நேர்மையாகக் கருதுகிறேன். ஒரு பள்ளியின் பக்கத்தையும் பத்துக் கல் தொலைவிலுள்ள இன்னொரு பள்ளியின் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பை, ஒன்றாக உருக்கிய எந்தப் பட்டியலும் தர முடியாது.

தேடலுக்குச் சில வழிகள் சொல்கிறேன். மாணவர்கள் ஒரே சொல்லைப் பலவாறு எழுதியிருப்பதால் ஒரு வடிவத்தோடு நின்றுவிடக் கூடாது. பெந்தக்கோஸ்துக்கும் மாசில்லாக் குழந்தைகள் திருநாளுக்கும் வழங்கும் ஊர்ப் பெயர்களை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்க்க வேண்டும். முதல் முறை வருகிறவர் நாடு முழுவதையும் தேடாமல், மேயோ, கெர்ரி, கால்வே போல ஒரு மாவட்டத்தைத் தேர்ந்து, அதில் ஒரே ஒரு பள்ளியின் பதிவேட்டை முழுவதும் படிப்பது நல்லது. அப்போதுதான் நாட்களைப் பற்றிய பக்கத்துக்கு முன்னும் பின்னும் அதே ஊரின் கொல்லன் பட்டறை, புனித ஊற்று, உருளைக்கிழங்கு நடவு எல்லாம் வரிசையாக வந்து, நாள் எந்த வேலையின் நாள் என்பது விளங்கும். உரிமத்தைப் பொறுத்தவரை, வணிக நோக்கமின்றி மூலத்தைக் குறிப்பிட்டு எடுத்தாளலாம். ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இது பெரிய வசதி.

தட்டச்சு வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். அந்தத் திட்டத்துக்கு ‘மெஹல்’ என்று பெயர். அறுவடைக்கு அண்டை வீட்டார் கூலியின்றிக் கூடி, ஒருவர் வயலில் ஒருவர் இறங்கி வேலை முடித்துக் கொடுக்கும் பழைய வழக்கத்தின் பெயர் அது. பதிவு செய்துகொண்டு எந்த நாட்டிலிருந்தும் பங்கேற்கலாம். நானும் பதிந்துகொண்டேன். முதலில் எடுத்த பக்கம் ஒரு சிறுமியின் கையெழுத்தில் மே முதல் நாளைப் பற்றியது. பால், நெருப்பு என்று எழுதியிருந்த வரியில் மூன்றாவது பொருளின் மேல் மை ஊறிப் பரவியிருந்தது. முதல் எழுத்தும் கடைசி எழுத்தின் குறுக்குக் கோடும் மட்டும் தெரிந்தன. அதே கை வேறிடங்களில் அந்த எழுத்துகளை எப்படி எழுதியிருக்கிறது என்று பக்கங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒப்பிட்டுப் பார்த்ததில் அரை மணி நேரம் போயிற்று. உப்பு. அதைத் தட்டச்சு செய்துவிட்டு, பக்கத்தின் அடியில் அவள் எழுதியிருந்த வரிக்கு வந்தேன்: இதை என் பாட்டி சொன்னார், அவருக்கு வயது எண்பத்திரண்டு, எங்கள் வீட்டில் இன்னும் கொடுப்பதில்லை.